அபாமார்க்கம் என்னும் நாயுருவி

குடமுழுக்கு விழாவிற்கு ஆயத்தம் செய்யுங்கால் திருப்பணிக் குழுவினர் கையில் நீண்டதொரு பட்டியல் இருத்தல் வழக்கம். விமான கலசங்களுக்குப் பொன்முலாம், யாகசாலைக்குப் பந்தல், கும்பங்களுக்குப் பட்டு, வேள்விக்கு நெய் எனப் பெரும்பொருள் வேண்டுவன பலவும் அதில் முதற்கண் நிற்கும். அவற்றை ஏற்றுக்கொள்ள அன்பர்கள் முன்வருவர். ஏற்றவர் பெயர் பலகையிலும் பொறிக்கப்பெறும். பட்டியலின் கடைக்கோடியில், சமித்து வகை என்ற தலைப்பின்கீழ், எருக்கு, புரசு, கருங்காலி, நாயுருவி, அரசு, அத்தி, வன்னி, அறுகு, தருப்பை என ஒன்பது பெயர்கள் காணப்படும். ஞாயிறு முதல் கேது ஈறாகவுள்ள ஒன்பது கோள்களுக்கும் முறையே உரிய வேள்விக் குச்சிகள் இவை. இவற்றிற்கு உபயதாரர் என்று எவரும் பெயர் எழுதிக்கொள்வதில்லை. விலை மிகச் சிறிது என்பதே காரணம்.

இவ்வொன்பதனுள் புரசு, கருங்காலி, அரசு, அத்தி, வன்னி ஆகிய ஐந்தும் மரங்கள். எருக்கு ஒரு புதர். அறுகும் தருப்பையும் புல்வகை. இரண்டும் வழிபாட்டில் நாள்தோறும் பயின்று வருவன. எஞ்சியது நாயுருவி ஒன்றே. நட்டவர் இலர், நீர் வார்த்தவர் இலர், வேலியோரத்திலும் பாழ்மனையிலும் குப்பைமேட்டிலும் தானே முளைத்துத் தானே காய்ந்து போகும் பூண்டு அது. ஆடையில் ஒட்டிக்கொள்ளும் அதன் காய்களை வெறுப்போடு பிடுங்கி எறிபவரே மிகுதி. அத்தகைய களை ஒன்று அரசோடும் அத்தியோடும் சமமாக வேள்விக் குண்டத்தின் அருகே இடம்பெற்றது எவ்வாறு? அதன் வரலாறு வேத காலத்தில் தொடங்குவது. மந்திரம், மருத்துவம், வழிபாடு ஆகிய மூன்று வழிகளிலும் கிளைத்துச் செல்வது.

செடியின் இயல்பு

நாயுருவி ஏறத்தாழ மூன்றடி உயரம் வளர்வது. தண்டு நாற்கோணமுடையது, கணுக்கள் சற்றே பருத்திருக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்து, மென்மயிர் போர்த்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். கிளையின் நுனியில் சாட்டைபோல் நீண்டெழுவது பூங்கதிர். பசுமை கலந்த வெண்ணிறச் சிறு பூக்கள் அக்கதிரில் நெருங்கியிருக்கும். இளமையில் மேல்நோக்கி நிற்கும் பூ, முதிர முதிர வெளிப்புறமாக மடங்கி, காயாகும் போது முற்றிலும் கீழ்நோக்கித் திரும்பித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். காயைச் சூழ்ந்த செதில்கள் கூரிய முட்களாக மாறியிருத்தலால், அவ்வழியே செல்லும் நாயின் மயிரிலும் ஆட்டின் உடலிலும் மாந்தரின் வேட்டியிலும் அது பற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்லும். தண்டும் கதிரும் செந்நிறம் பாய்ந்து காணப்படும் வகையைச் செந்நாயுருவி என்பர்.

மேலைநாட்டுத் தாவரவியலார் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்கு ‘அகிராந்தசு அசுபெரா’ என்று பெயரிட்டார். உமி போன்ற பூவையுடைய சொரசொரப்பான செடி என்பது அதன் பொருள். அதற்கு முன்பே, கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஓர்த்தூசு மலபாரிக்கூசு’ என்னும் பெருநூலிலும் இது இடம்பெற்றுள்ளது. மலையாளத்தில் இதன் பெயர் கடலாடி, தெலுங்கில் உத்தரேணி, மராத்தியில் ஆகாடா.

வடமொழிப் பெயராகிய அபாமார்க்கம் என்பதே இச்செடியின் வரலாற்றைத் திறக்கும் திறவுகோல். துடைத்து நீக்குவது என்பது அச்சொல்லின் பொருள். பிரத்யக்புஷ்பி என்பது மற்றொரு பெயர். பின்னோக்கித் திரும்பிய பூவையுடையது என்று அது பொருள்படும். துடைத்தல், திருப்புதல் என்னும் இவ்விரு கருத்துகளையும் மனத்திற்கொண்டால், பின்வரும் செய்திகள் அனைத்தும் ஒரே சரட்டிற் கோத்த மணிகளாக விளங்கும்.

அதர்வ வேதத்தில் நாயுருவி

அதர்வ வேதத்தின் நான்காம் காண்டத்தில் 17, 18, 19 ஆகிய மூன்று சூக்தங்கள் நாயுருவியை முன்னிலைப்படுத்திப் பாடப்பெற்றவை. ஏழாம் காண்டத்தின் 65ஆம் சூக்தமும் அதற்கே உரியது. பகைவர் ஏவிவிட்ட தீவினையைத் துடைத்தெறியுமாறு அச்செடி அங்கே வேண்டப்படுகின்றது. சுடாத மண்கலத்திலும், நீலமும் சிவப்புமாகிய நூலிலும், பச்சை இறைச்சியிலும் வைத்துச் செய்யப்பட்ட ஏவல்கள் அங்கே சுட்டப்படுகின்றன. கிராமப்புறங்களில் அண்மைக்காலம் வரை செய்வினை என்று அஞ்சப்பட்டவற்றோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பவர், மனித அச்சத்தின் வடிவம் நெடுங்காலமாகப் பெரிதும் மாறவில்லை என்பதைக் காண்பர்.

இங்கே கருதற்பாலது ஒன்றுண்டு. அப்பாடல்கள் நாயுருவியின் காய் பின்னோக்கித் திரும்பியிருத்தலை எடுத்துக்கூறி, அதனை வேண்டுதலுக்கு ஆதாரமாகக் கொள்கின்றன. காய் எவ்வாறு தான் வளர்ந்த திசையை விட்டுத் திரும்பி நிற்கின்றதோ, அவ்வாறே ஏவிய தீமை ஏவினவனிடமே திரும்புக என்பது அவ்வேண்டுதலின் உட்கருத்து. செடியின் உருவைக் கூர்ந்து நோக்கிய கண் ஒன்று அப்பாடல்களின் பின்னே இருக்கின்றது. பிறரைத் தாக்குதற்கு அன்றித் தற்காத்தற்கே அங்கே நாயுருவி அழைக்கப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வேண்டுதல்களுள் வேறொன்றும் உண்டு. பசியால் வரும் சாவு, நீர்வேட்கையால் வரும் சாவு, மக்கட்பேறின்மை ஆகியவற்றையும் துடைக்குமாறு நாயுருவி இறைஞ்சப்படுகின்றது. பசிக்கும் இக்களைக்கும் என்ன தொடர்பு என்னும் வினாவிற்குப் பிற்கால மருத்துவ நூல் ஒன்று விடை கூறும்.

இராசசூயத்தில் நாயுருவி

அரசன் முடிசூடுதற்குரிய பெருவேள்வியாகிய இராசசூயத்தில் அபாமார்க்க ஹோமம் என ஓர் அங்கம் உண்டு. அதனைச் சதபத பிராமணம் விரிவாகக் கூறும். நாயுருவியின் விதையரிசியை மரக்கரண்டியில் எடுத்துக்கொண்டு, கொள்ளியை ஏந்தி, கிழக்கு நோக்கியோ வடக்கு நோக்கியோ சென்று, அங்கே தீ வளர்த்து அவ்வரிசியை ஆகுதியாக இடுவர். முடிந்ததும் திரும்பிப் பாராமல் மீள்வர். தேவர்கள் இதனைக் கொண்டே அரக்கரைத் துடைத்தனர் என்று காரணம் கூறுகின்ற அந்நூல், காய் பின்னோக்கியிருத்தலையும் மறவாது குறிப்பிடுகின்றது.

இதற்கு அடியாகிய கதையைத் தைத்திரீய பிராமணத்திற் காணலாம். இந்திரன் நமுசி என்னும் அசுரனோடு ஓர் உடன்படிக்கை செய்திருந்தான். பகலிலும் இரவிலும் கொல்வதில்லை, ஈரமானதாலும் உலர்ந்ததாலும் கொல்வதில்லை என்பது அது. பின்னர் இரவும் பகலும் அல்லாத விடியற்போதில், ஈரமும் உலர்வும் அல்லாத நீர் நுரையைக் கொண்டு அவன் தலையை இந்திரன் கொய்தான். சொல்லின் எழுத்து காக்கப்பட்டது, நட்பு காக்கப்படவில்லை. அறுந்த தலை, நட்பிற்குத் துரோகம் செய்தவனே என்று கூவியவாறு இந்திரனைத் தொடர்ந்து உருண்டு வந்தது. அப்பொழுது இந்திரன் நாயுருவியைத் தோற்றுவித்து அதனைத் தீயில் இட்டு அரக்கரை அகற்றினான் என்பது கதை.

முடிசூடும் வேளையில் இக்கதையோடு தொடர்புடைய செயலை நிகழ்த்துவதில் ஓர் ஆழ்ந்த அறவுணர்ச்சி புதைந்துள்ளது. பகையை வென்று வரும் அரசன் எவனும் அவ்வெற்றியின் வழியில் ஏதேனும் ஒரு தவற்றைச் செய்தே இருப்பான். அது அவனைப் பின்தொடரும். அரியணை ஏறுமுன் அதனைத் துடைத்துக்கொள்ளல் வேண்டும். அதற்குப் பொன்னும் மணியும் பயன்படவில்லை. தெருவோரத்துப் பூண்டே வேண்டப்பட்டது.

வழிபாட்டில் நாயுருவி

வேள்விகள் அருகிய பின்னும் நாயுருவி வழிபாட்டினின்று நீங்கவில்லை. யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி கோள்களின் அமைதிக்குரிய வேள்வியைக் கூறுமிடத்துப் புதனுக்கு நாயுருவிச் சமித்தை விதிக்கின்றது. ஒவ்வொரு கோளுக்கும் 108 அல்லது 28 சமித்துகளைத் தேனும் நெய்யும், அன்றித் தயிரோ பாலோ தோய்த்து இடுதல் வேண்டும் என்பது அதன் முறை. சீகாழிக்கு அணித்தாய திருவெண்காட்டில் புதனுக்குரிய தனிச் சந்நிதியை வழிபடும் அன்பர் பலர்; அவருள் எத்துணைப் பேர் தம் ஊர் வேலியில் நிற்கும் செடியே அக்கோளுக்கு உரியது என்பதை அறிவர்?

விநாயக சதுர்த்தியன்று பிள்ளையாருக்குச் சாத்தும் 21 வகைப் பத்திரங்களுள் நாயுருவி இலையும் ஒன்று. இருடி பஞ்சமி நோன்பு நோற்கும் மகளிர் நாயுருவிக் குச்சியால் பல் துலக்கி நீராடுதல் விதி. தீபாவளித் திருநாளாகிய நரக சதுர்த்தசியின் விடியற்கால நீராட்டிலும் நாயுருவிக்கு இடமுண்டு. நீராடும்பொழுது நாயுருவியையும் சுரைக்கொடியையும் தகரையையும் தலையைச் சுற்றிவரச் செய்தல் வேண்டும் என்று தரும சாத்திரங்கள் விதிக்கின்றன. நரக வேதனை நீங்குதல் அதன் பயன் என்பர். எண்ணெய் நீராட்டும் புத்தாடையும் நிலைத்திருக்க, இவ்வழக்கம் பெரும்பாலான இல்லங்களில் மறைந்துவிட்டது. இந்நான்கிலும் நாயுருவி செய்யும் தொழில் தூய்மை செய்தல் ஒன்றே. வேதச் சொல்லின் பொருள் வழிபாட்டில் சிதையாது வந்துள்ளமைக்கு இதுவே சான்று.

மருத்துவத்தில் நாயுருவி

சரக சங்கிதையின் சூத்திரத்தானத்தில் இரண்டாம் அத்தியாயத்தின் பெயரே ‘அபாமார்க்க தண்டுலீயம்’ என்பது. நாயுருவி அரிசியைப் பற்றியது என்று அதற்குப் பொருள். மூக்கின் வழியாக மருந்து செலுத்தித் தலையிலுள்ள கோழையை வெளியேற்றும் முறைக்குரிய மருந்துகளைத் தொகுக்கும் அவ்வத்தியாயம், அவ்வரிசியை முதலில் வைத்துத் தொடங்குகின்றது. பிறிதோர் இடத்தில், தலையைத் தூய்மை செய்யும் மருந்துகளுள் நாயுருவியே தலைசிறந்தது என்றும் சரகர் தீர்ப்புக் கூறுகின்றார். ஈண்டும் துடைத்தலே தொழிலாதல் காண்க.

அதே அத்தியாயத்தில் பலவகைக் கஞ்சிகள் கூறப்படுகின்றன. அவற்றுள் நாயுருவி அரிசியைப் பால் முதலியவற்றோடு சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி ஒன்று. அது பசியை அடக்கும் என்கிறார் சரகர். அதர்வ வேதம் பசிச்சாவைத் துடைக்க நாயுருவியை வேண்டியதன் காரணம் இங்கே புலப்படுகின்றது. வேண்டுதல் வெறுஞ்சொல்லன்று, அதன் அடியில் கண்டறிந்த ஓர் உண்மை இருந்தது. நாயுருவி அரிசியை உண்டு பன்னாள் பசியின்றித் தவமிருக்கலாம் என்னும் சித்த மருத்துவ மரபும் இக்கருத்தையே வழிமொழிகின்றது. எனினும் பசியை அடக்குதல் வேறு, உடலை வளர்த்தல் வேறு. பசி தோன்றாமற் செய்வது உணவாகிவிடாது என்பதை மறந்து இதனைப் பயன்படுத்துதல் கேடு பயக்கும்.

சுசுருதர் காட்டும் பயன் இதனினும் வியப்புடையது. செடிகளை எரித்த சாம்பலிலிருந்து காரம் எடுக்கும் முறையைச் சூத்திரத்தானத்தின் பதினோராம் அத்தியாயத்தில் அவர் விளக்குகின்றார். அதற்குரிய செடிகளின் பட்டியலில் நாயுருவியும் உள்ளது. சாம்பலை ஆறு பங்கு நீரிற் கரைத்து 21 முறை வடிகட்டி, தெளிந்த நீரைச் சிறு தீயிற் காய்ச்ச வேண்டும். வன்மை மிகுந்த காரம் வேண்டுமாயின், சுண்ணாம்புக்கல்லையும் கிளிஞ்சலையும் சங்கையும் தீயிற் பழுக்கக் காய்ச்சி அந்நீரிற் சேர்த்துக் கிளற வேண்டும். மென்மை, இடைமை, வன்மை என மூவகைக் காரங்களை நோய்க்கேற்பப் பயன்படுத்த வேண்டும். அதனை இரும்புக் கலத்தில் காக்க வேண்டும் என்பன அவர் கூறும் விதிகள். காரம் பட்ட இடத்தில் எரிச்சல் மிகுந்தால் புளிப்புப் பொருளை இட்டுத் தணிக்க வேண்டும் என்றும் அவர் கூறுகின்றார்.

இக்கால வேதியியல் இம்முறையை நன்கு விளக்கும். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட்டு. சுட்ட சுண்ணாம்பு சேருங்கால் அது பன்மடங்கு வன்மையுடைய எரிகாரமாக மாறுகின்றது. புளிப்பு காரத்தின் வேகத்தை முறிக்கின்றது. வங்காளத்து அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதியில் சுசுருதரின் இப்பகுதியைப் பெரிதும் போற்றினார். வண்ணார் நாயுருவிச் சாம்பலைக் கொண்டு துணி வெளுத்ததும் இக்காரத்தின் வலிமையாலேயே. அதன் விதையில் சவர்க்காரம் போல் நுரைக்கும் சபோனின் என்னும் பொருள் உண்டு என்பதும் ஆராய்ச்சியிற் கண்ட உண்மை. துடைத்து நீக்குவது என்று வேதகால மக்கள் இட்ட பெயர், வெளுப்பவன் துறையிலும் அறுவை மருத்துவன் கையிலும் மெய்யாயிற்று.

தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்தில் நாயுருவி வேரும் இலையும் விதையும் சாம்பலும் தனித்தனியே பயன்படுகின்றன. வேரையோ தண்டையோ மென்று பல் துலக்கினால் ஈறு வலுப்படும், பல்வலி தணியும் என்பர். சாம்பலைத் தேனிற் குழைத்துக் கோழை கட்டிய இருமலுக்குக் கொடுப்பர். இரத்தமூலத்திற்கு விதையை அரிசி கழுவிய நீரில் அரைத்துக் கொடுத்தல் பழைய முறை. குளவி, தேள் முதலியவை கொட்டிய இடத்தில் இலையைக் கசக்கி வைத்துக் கட்டுதல் ஊர்தோறும் காணப்பட்ட வழக்கம்.

மந்திரத்தில் நாயுருவி

மருந்துக்குச் செடி பறிப்பதற்கும் மந்திரத்திற்குச் செடி பறிப்பதற்கும் முன்னோர் வேறுபாடு வைத்திருந்தனர். மந்திரத்திற்காயின், முதல்நாளே செடிக்கு மஞ்சள் தோய்த்த நூலைக் காப்பாகக் கட்டி, பொங்கலிட்டுத் தூபம் காட்டிச் சாபநிவர்த்தி கூறல் வேண்டும். மறுநாள் வைகறையில் இரும்பும் நகமும் படாமல் வேர் அறாது அகழ்ந்தெடுத்தல் வேண்டும். வடக்கு நோக்கி ஓடிய வேருக்குத் தனிச் சிறப்புக் கூறப்பட்டது. செந்நாயுருவியின் வேர் வசியத்திற்கு உரியதென்று கருதி மந்திரவாதிகள் அதனைத் தாயத்தில் அடைத்தனர். அவ்வேரால் பல் துலக்கினால் முகம் வசீகரம் பெறும் என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது.

இவற்றுள் நல்லதும் உண்டு. காப்புக் கட்டுவதும் செடியிடம் பொறுத்தருள வேண்டுவதும், உயிருள்ள ஒன்றை எடுக்குமுன் மனிதன் அடக்கத்தோடு நிற்பதற்கு அடையாளம். ஒரு நாள் காத்திருந்து, குறித்த செடியை மட்டும் அகழ்வதால், கண்டவாறு பிடுங்கி அழிப்பதும் தவிர்க்கப்பட்டது.

ஆயினும் வரலாற்று நோக்கிற் காணுங்கால் இங்கு ஒரு வீழ்ச்சி நிகழ்ந்துள்ளமையை மறைத்தல் இயலாது. அதர்வ வேதத்தில் நாயுருவி, பிறர் ஏவிய தீமையினின்று தன்னைக் காத்தற்கு அழைக்கப்பட்டது. இராசசூயத்தில் தன் தவற்றைத் தானே துடைத்தற்கு அது பயன்பட்டது. பிற்கால வசியத்திலோ, பிறர் மனத்தைத் தன் விருப்பத்திற்கு வளைத்தற்கு அதுவே கருவியாக்கப்பட்டது. பொறாமையையும் வஞ்சத்தையும் துடைப்பதற்கென்று தோன்றிய செடி, பேராசைக்கு ஏவலாளாயிற்று. செடியிடம் குற்றமில்லை; கேட்பவர் கேட்ட வரமே மாறியது.

இன்னும் கொடியது ஒன்றும் உண்டு. பேறுகால வேதனையில் இருக்கும் பெண்ணின் இடையில் நாயுருவி வேரைக் கட்டிவைத்து, குழந்தை பிறந்த மறுகணமே அவிழ்த்துவிடும் வழக்கம் பல பகுதிகளில் இருந்தது. எளிதிற் பிறக்க வேண்டுமென்ற அன்பே அதற்குக் காரணம். மேலே கட்டிய வேரால் தீங்கும் இல்லை. ஆனால், கருவைக் கலைக்கக் கருதியோர் அதே வேரைக் குச்சியாக உட்செலுத்தும் கொடுமையும் மறைவில் நிகழ்ந்து வந்தது. அதனால் சீழும் நஞ்சும் பரவி உயிரிழந்த பெண்கள் பலர். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மூலிகை என்றாலே தீங்கில்லாதது என்று எண்ணுவோர் இதனை உளங்கொள்ளுதல் வேண்டும்.

பாம்புக்கடிக்கு நாயுருவியை நம்பியிருத்தலும் அத்தகையதே. நஞ்சில்லாப் பாம்பு கடித்தவர் பிழைத்ததைக் கண்டு மூலிகையின் புகழ் வளர்ந்தது. நாகமும் விரியனும் கடித்தவர் வழியில் இறந்ததை ஊழ் என்று தள்ளினர். காட்டு மூலிகைகளை நன்கறிந்தவர் என்று பெயர்பெற்ற இருளர் குலத்தவர், 1978ஆம் ஆண்டில் மாமல்லபுரத்திற்கு அருகே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். அச்சங்கம் பாம்பின் நஞ்சைச் சேகரித்து, நஞ்சுமுறி ஊசி மருந்து செய்வோர்க்கு அளித்து வந்துள்ளது. பச்சிலையின் பெருமையை அறிந்தவர்களே அதன் எல்லைக்கு அப்பால் உள்ள பணிக்கும் துணைநின்றமை பெரியதொரு பாடம். பாம்பு கடித்தவருக்கு வேண்டுவது அரசு மருத்துவமனை. அங்கே சேர்க்கும் விரைவே அவருக்குக் காப்பு.

நூலும் நாயுருவியும்

ஒருபுறம் நம்பிக்கை இவ்வாறு மிகைபட்டு நிற்க, மறுபுறம் மெய்யான பயன் ஒன்று ஆராய்ச்சியால் உறுதிபெற்றது. பவுத்திரம் என்னும் நோய் மிக்க துன்பந் தருவது. அறுத்தாலும் மீளத் தோன்றும் இயல்புடையது. காரம் ஊட்டிய நூலை இத்தகைய புண்களின் புழையினூடே செலுத்திக் கட்டும் முறையைச் சுசுருதர் குறித்துள்ளார். 11ஆம் நூற்றாண்டினராகிய சக்கரபாணி தத்தர், கள்ளிப்பாலும் மஞ்சளும் தோய்த்த நூலைக் கூறினார். பின்னர் இம்முறை பெரிதும் வழக்கொழிந்தது. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தேசுபாண்டே முதலியோர் அதனை மீட்டெடுத்து ஒழுங்குபடுத்தினர்.

அம்முறைப்படி, வலுவான நூலில் கள்ளிப்பாலை 11 முறை பூசி உலர்த்துவர். அதன்மேல் கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் 7 முறை; அதன்மேல் கள்ளிப்பாலும் மஞ்சளும் 3 முறை. ஆக 21 பூச்சுகள். இந்நூலைப் புழையினூடே செலுத்திக் கட்டி, வாரந்தோறும் புதுநூல் மாற்றிவர, அது சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டே பின்னால் ஆற்றிக்கொண்டும் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு இதனை அறுவை மருத்துவத்தோடு ஒப்பிட்டுப் பல மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூல் மருத்துவத்தில் புண் ஆற ஏறக்குறைய 8 வாரமும், அறுவையில் 4 வாரமும் ஆயின. ஆனால் நோய் மீண்டவர் அறுவையில் நூற்றுக்கு 11 பேராக இருக்க, நூல் மருத்துவத்தில் 4 பேராகவே இருந்தனர். காலம் இருமடங்கு ஆயினும் நோய் மீளுதல் பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

சாம்பல்நீரை வடிக்கும் முறை 21. நூலிற் பூசும் பூச்சு 21. பிள்ளையாருக்குச் சாத்தும் பத்திரம் 21. எண்களின் இவ்வொற்றுமை தற்செயலே ஆயினும், வழிபடுவோர் உள்ளத்திற்கு அது மகிழ்ச்சி தருவதே. அதனினும் மேலானது ஒன்றுண்டு. வேதத்தில் வேண்டுதலாகவும், வேள்வியில் ஆகுதியாகவும், சுசுருதர் நூலில் காரமாகவும் நின்ற நாயுருவி, சோதித்து அறிந்த மருந்தாக நோயாளியின் துன்பத்தைத் துடைத்து வருகின்றது. தாயத்தில் அடைபட்ட வேர் எவர் மனத்தையும் மாற்றியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. பொய்யானது உதிர, மெய்யானது நிலைத்தது. அதுவும் ஒருவகைத் துடைத்தலே.

அன்பர் கடமை

திருக்கோயில்களின் திருச்சுற்றுகளிற் கல்லும் சிமிட்டியும் பரப்பி முட்செடி ஒன்றும் இல்லாமற் செய்தல் திருப்பணியின் சிறப்பாகக் கருதப்படுகின்றது. வழிபட வருவோர் கால் நோவாமல் வலம்வர அது தேவையே. ஆயினும், குடமுழுக்கு நாளில் சமித்துக்கு வேண்டிய நாயுருவியைத் தொலைவிலிருந்து கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கும் நிலை ஏற்படுமாயின், அது வருந்தற்குரியது. நந்தவனத்தின் ஓரத்திற் சிறிதளவு நிலத்தை விட்டுவைத்தால் போதும். நாயுருவி கேளாமலே வளரும். எருக்கும் அறுகும் உடன் வளரும். ஒன்பது சமித்துகளின் பெயரும் படமும் எழுதிய பலகை ஒன்று அங்கே நாட்டப்படின், பள்ளிச் சிறுவர் அவற்றைக் கண்டு பெயர் அறிவர். ஆடையில் ஒட்டிய காயைப் பிடுங்கி எறியும் சிறுவன், அது எந்தக் கோளுக்கு உரியது, எந்த நோய்க்கு மருந்து என்று அறிந்து எறிவானாயின், அவ்வளவே நன்று.

குடமுழுக்கு என்பதும் துடைத்தலே அன்றோ? பன்னிரண்டு ஆண்டுகளில் திருமேனியைச் சார்ந்த குறைகளையும், வழிபாட்டிற் புகுந்த வழுக்களையும் நீக்கி, மருந்து சாத்தி, புனித நீராற் புதுமை செய்வதே அதன் நோக்கம். அந்நாளில் யாகசாலையில் எரியும் நாயுருவிக் குச்சி, காண்போர் ஒவ்வொருவரிடமும் சொல்லாமற் சொல்வது ஒன்றே. இந்திரனைத் தொடர்ந்த தலையைப்போல் தம்மைத் தொடர்ந்துவரும் தவறுகளை ஒவ்வொருவரும் தாமே துடைத்துக்கொள்ளல் வேண்டும். பொன்முலாம் பூசிய கலசத்தையும் வேலியோரத்துப் பூண்டையும் ஒரே விழாவில் ஒருங்கே ஏற்றருளும் இறைவன் திருவடி, அவ்வாறு துடைத்த உள்ளங்களில் நிலைபெற்று விளங்குவதாக.